காலைப் பெரட்டும் சிவப்பு வாளியும்

மலேசியத் தோட்டங்களின் லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பலகைச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நீளமான ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகை, அவ்வளவுதான். அடுத்த வீட்டுத் தாத்தா இருமினால் இந்த வீட்டுக் குழந்தை புரண்டு படுக்கும். விடியற்காலை நான்கரை மணிக்கு அடுப்பு ஊதும் சத்தம் கேட்காவிட்டால், "என்ன, இன்னும் எழவில்லையா?" என்று பலகையைத் தட்டுவார்கள். விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய சம்பளம் போய்விடும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். காரணம் எதுவானாலும், ஒருவர் எழாமல் கிடந்தால் அரை மணி நேரத்தில் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது லயங்களும் போயின. பலர் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் டவுனை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, வந்து சேர்ந்தோம். செங்கல் சுவர், சன்னலுக்கு இரும்புக் கிராதி, வாசலில் பூட்டுப் போட்ட கேட். சொந்த வீடு என்ற மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசமாட்டேன். என் அம்மா குடிவந்த அன்று சுவரைத் தடவித் தடவிப் பார்த்து அழுதார். ஆனால் அந்தச் சுவரின் வழியாக எதுவும் கேட்பதில்லை.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது 2021 இறுதியில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வரிசையில், என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில், மண்டோர் தாத்தா தனியாக இருக்கிறார். முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் மண்டோராக, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மேற்பார்வையாளராக இருந்தவர்; மனைவி இறந்துவிட்டார், மகன்கள் ஜொகூரில். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தவர் மறுநாள் காலை பதினொரு மணிவரை ஈரத் தரையிலேயே கிடந்தார். மோட்டாரில் வரும் ரொட்டிக்காரர் வழக்கம்போல் ஹாரன் அடித்தும் அவர் வெளியே வராததைப் பார்த்துத்தான் எங்களைக் கூப்பிட்டார். பதினான்கு மணி நேரம். அதற்குள் நான் அந்தக் கேட்டை இரண்டு முறை கடந்து போயிருக்கிறேன். வேலைக்குப் போகும்போது ஒருமுறை, மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தபோது ஒருமுறை. இதை இன்றும் என்னால் எளிதாக எழுத முடியவில்லை.

நான் செவிலியர் அல்ல, சமூக நலம் படித்தவளும் அல்ல. ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்களின் மகள். டவுனில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்தச் சில ஆண்டுகளில் எங்கள் இரண்டு வரிசைகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் சின்னச் சின்ன வேலைகள் செய்துவருகிறேன். இப்போது என்னோடு ஆறு பேர் இருக்கிறார்கள். இதைத் தொடங்க நினைப்பவர்கள் நான் செய்த தவறுகளையே மறுபடி செய்ய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

உண்மையான தொடக்கம் 2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த நாள். வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே போகலாம், மாநிலம் விட்டு மாநிலம் போகக் கூடாது என்றார்கள். கோடி வீட்டில் இருக்கும் ஆயாவின் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மாட்டிக்கொண்டார்கள். ஆயா என்றால் எனக்கு உறவு முறையில் யாரும் இல்லை. எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். அம்மாக்கள் இருட்டோடு பெரட்டுக்குப் போகும் வழியில் கைக்குழந்தைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். என்னையும் என் தம்பியையும் தொட்டிலில் போட்டு ஆட்டியவர். இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் எத்தனையோ பேருக்கு அவர் கையால்தான் முதல் கஞ்சி.

ஆகவே நான் தினமும் கேட்டருகே நின்று கேட்பேன்: "ஆயா, ஏதாவது வேண்டுமா?"

"ஒன்றும் வேண்டாம் கண்ணு, எல்லாம் இருக்கிறது."

மூன்று வாரம் இதே கேள்வி, இதே பதில். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே போனபோதுதான் அரிசி டின்னைப் பார்த்தேன். அடியில் கைப்பிடி அரிசிகூட இல்லை. கிரீம் கிராக்கர் ரொட்டியைக் கோப்பியில் நனைத்துத் தின்றே அத்தனை நாளையும் ஓட்டியிருக்கிறார். "உன்னையே எத்தனை தடவை அலைய விடுவது" என்றார்.

அன்றிலிருந்து "வேண்டுமா" என்று யாரிடமும் நான் கேட்பதில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவருக்குச் செய்தே பழகியவர்களிடம் அப்படிக் கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "நான் கடைக்குப் போகிறேன், வெங்காயம் வாங்குகிறேன். உங்களுக்கு அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்று கேட்டால் விஷயம் வேறு. இரண்டில் ஒன்றைச் சொல்லும்போது கெஞ்சுவதுபோல் இருக்காது. "வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவேன், குளியலறை பல்பை மாற்றிவிடலாம்" என்று நாளையும் நேரத்தையும் வேலையையும் சேர்த்துச் சொல்வது அதைவிட நல்லது. சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள். மணியடித்து வேலைக்கு இறங்கிய தலைமுறை அது. எட்டு மணி என்று சொல்லிவிட்டு ஒன்பதரைக்குப் போனால், அவர்கள் ஒன்றரை மணி நேரம் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். காலை நேரமே நல்லது. இன்றும் நான்கரைக்கு விழித்துக்கொள்கிறவர்களுக்கு மாலை நான்கு மணி என்பது சோர்ந்துபோன நேரம்.

எனது பெரிய தவறு அதன் பிறகுதான் நடந்தது. அரிசி டின் தந்த அதிர்ச்சியில், ஆயாவின் வீட்டையே ஒழுங்குபடுத்திவிடுவது என்று இறங்கினேன். என் மகளும் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துடைத்தோம், அடுக்கினோம். துருப்பிடித்த டின்களையும் மூலையில் அடுக்கியிருந்த பழைய பத்திரிகைகளையும் நான்கு பைகளில் கட்டிக் குப்பைக்குப் போட்டோம். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது: அந்தப் பத்திரிகைகளின் நடுவே கணவரின் இறப்புச் சான்றிதழ் இருந்திருக்கிறது. மடிப்பு விழாமல் இருக்கட்டும் என்று ஆயா வைத்த இடம் அது. வீடு இன்னும் கணவர் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்ற அந்தத் தாள் வேண்டும். பதிவு இலாகாவில் மறுபடியும் நகல் எடுக்க முடிந்தது. அதற்கு நானே அலைந்தேன், அது என் கடமை. ஆனால் அந்தத் துருப்பிடித்த டின் ஒன்றில் ஆயாவின் பழைய சம்பள அட்டைகள் இருந்தன. அவற்றைத் திரும்பக் கொடுக்க எந்த இலாகாவும் இல்லை.

இப்போது எங்கள் குழுவில் யாரும் ஒரு துண்டுத் தாளைக்கூட வீட்டுக்காரரைக் கேட்காமல் எறிவதில்லை. சமையலறையில் உப்பு ஜாடியின் இடத்தையும் மாற்றுவதில்லை. கண் மங்கியவர்கள் கை நினைவில்தான் சமைக்கிறார்கள். அடையாள அட்டை நகல், வங்கிப் புத்தகம், வீட்டுக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்), சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று அவரையும் அவர் பிள்ளை ஒருவரையும் தவிர வேறு யாருக்கும் சொல்லாமல் வைக்கச் சொல்கிறோம். கோப்பில் போடுவதும் அவர் கைதான். நாங்கள் தாளின் பெயரைப் படித்துச் சொல்வதோடு சரி.

அடுத்தது மருந்து. இதைப் பற்றி நான் சற்று நீளமாகவே எழுத வேண்டும்.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் கொடுக்கும் மருந்துப் பைகளில் மலாயில்தான் எழுதியிருக்கும். 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பிட்ட பிறகு, 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பிடும் முன். எங்கள் முதியவர்கள் சந்தையில் மலாய் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் பலருக்குப் படிக்கத் தெரியாது. நிறத்தை வைத்தே மாத்திரையை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒரே மருந்து இந்தத் தடவை ஒரு கம்பெனியிலிருந்தும் அடுத்த தடவை வேறு கம்பெனியிலிருந்தும் வரும். நிறமும் அட்டையும் மாறிவிடும். மண்டோர் தாத்தா அப்படித்தான், மிச்சமிருந்த பழைய ரத்த அழுத்த மாத்திரையையும் புதிதாக வந்ததையும் இரண்டு வேறு மருந்துகள் என்று நினைத்துத் தினமும் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். எழுந்தால் தலை சுற்றுகிறது என்றவரிடம் அட்டைகளை வாங்கிப் பின்பக்கம் பார்த்தேன். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இரண்டிலும் ஒன்றே. குளியலறையில் விழுந்ததற்கும் இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

எனவே கிளினிக்குக்குப் போகும்போது புதிய மருந்துச் சீட்டோடு வீட்டில் மிச்சமிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் காட்டினால் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துக் கொடுப்பார்கள். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது, சேர்க்கவும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் காலை மருந்துப் பையில் ஒரு சூரியனும் இரவு மருந்துப் பையில் ஒரு நிலாவும் வரைகிறோம். சாப்பிட்ட பிறகு என்றால் பக்கத்தில் ஒரு தட்டு. ஏழு நாளுக்கு அறைகள் போட்ட மாத்திரைப் பெட்டியும் நல்லதுதான், ஆனால் அசல் அட்டைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது முதலில் கேட்பது, "என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்பதுதான்.

இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். ஐஸ் கட்டும் மேல் அறையில் வைத்திருந்தால் கீழே மாற்றச் சொல்லுங்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. மின்சாரக் கட்டணம் பாக்கி என்று கம்பியைத் துண்டித்துவிட்டால் அந்த மருந்தும் கெட்டுவிடும் என்பதை நினைவில் வைத்து, பில் வருகிறதா, கட்டப்படுகிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

பின் வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகள் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. முதுகில் கலத்தைச் சுமந்துகொண்டு, கையுறை இல்லாமல், வெறும் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு களைக்கொல்லி தெளித்தவர். இந்த வேலையில் பெரும்பாலும் பெண்களையே போட்டார்கள். அவர்கள் தெளித்த பாரகுவாட் நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020-ல்தான். அக்காவின் விரல் நகங்கள் கறுத்து, சில பாதியில் நின்றுவிட்டன. மாத்திரை அட்டையை அழுத்தி எடுக்கக்கூட அந்த விரல்களுக்கு வலு இல்லை. ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒருவர் போய் ஒரு வாரத்து மாத்திரைகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறோம், கேஸ் சிலிண்டரின் திருகை மாற்றுகிறோம், ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டு வருகிறோம். பத்து ஊசிகளில் பத்து நீளத்துக்கு நூல் கோத்துக் குத்தி வைத்தால் அக்காவுக்கு ஒரு மாதம் போதும்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை அக்கா விரதம். காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கியிருக்கிறார், சாப்பிடவில்லை. பதினொரு மணிக்குக் கீரை கொடுக்கப் போன எனக்கு அவர் முகமே வேறாகத் தெரிந்தது. உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, என்னைப் பார்த்து என் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சாமி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் கையைக் கூப்பினார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, என் அம்மாவுக்கும் அப்படி வந்திருக்கிறது. நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார், பிறகு ரொட்டி கொடுத்தேன். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாயில் போய்விடும், உடனே அவசர எண் 999-ஐ அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரையை என்ன செய்வது என்று கேட்க வேண்டும். ஆடிக்கும் புரட்டாசிக்கும் தைப்பூசத்துக்கும் முந்தைய வாரம் இதை வீடு வீடாகப் போய் நினைவுபடுத்துகிறோம். விரதம் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? கேட்டுவிட்டு இருங்கள் என்கிறோம்.

கால் நகம் வெட்டிவிடுவதும் எங்கள் வேலைகளில் ஒன்று. நீரிழிவுக்காரர்களுக்கு நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தோண்டக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் ஏற்கனவே புண் இருப்பவர்களுக்கும் நாங்கள் வெட்டுவதில்லை, கிளினிக்குக்கு அழைத்துப் போகிறோம். வெட்டும்போது விரல் இடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்த்துவிடலாம். ஒரு தாத்தாவுக்குக் காலில் குத்திய ஆணியை இப்படித்தான் கண்டுபிடித்தோம். அவருக்கு வலியே தெரியவில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கம்தான், ஆனால் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்து நேர்மையாக இருக்காது. தொடக்கத்தில் ஆயா தன் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் என்னிடமே கொடுத்துவிட்டார். நானும் வாங்கிக்கொண்டேன். மாதம் ஒருமுறை எடுத்து வந்து கையில் கொடுப்பேன். ஒருநாள் அவர் அண்ணன் மகன் வந்து, "அத்தை பணத்தை யார் எடுக்கிறார்கள்?" என்று வாசலில் நின்று கேட்டார். ஆயாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் இரவு யோசித்தபோது அவர் கேட்டதில் தவறில்லை என்று பட்டது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். என்னிடம் காட்ட ஒரு துண்டு ரசீது இல்லை.

அதன்பின் அட்டையைத் தொடுவதில்லை. வங்கிக்கு ஆயாவை அழைத்துப் போகிறோம், எப்போதும் இரண்டு பேராக. எண்ணை அழுத்துவது அவர் விரல். அத்தியாவசியப் பொருள் வாங்க அரசாங்கம் தரும் சாரா உதவித் தொகையை அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிவு பெற்ற கடைகளில் செலவழிக்க வேண்டியிருப்பதால், அங்கும் அட்டையோடு ஆளையும் அழைத்துப் போகிறோம். நடக்க முடியாதவருக்குச் சாமான் வாங்கினால் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம்: தேதி, வாங்கியது, கொடுத்த பணம், மீதி, பக்கத்தில் ஒட்டிய ரசீது, இருவர் கையெழுத்து அல்லது கைரேகை. புத்தகம் அவர் வீட்டில்தான் இருக்கும். யார் கேட்டாலும் அவரே எடுத்துக் காட்டலாம். போலீஸ், நீதிமன்றம், வங்கி என்று சொல்லி மிரட்டிப் பணம் கேட்கும் தொலைபேசி அழைப்புகளும் இங்கே வருகின்றன. அப்படி வந்தால் பேசாமல் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறோம். பணம் ஏற்கனவே போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997-ஐ அழைக்க வேண்டும்.

சமூக நல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025 முதல் மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு முன் 500. அறுபது வயது நிறைந்த, வருமானம் இல்லாத குடிமக்களுக்கு அது. மனுவை நிரப்புவது கடினமல்ல. கடினமானது, அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிக்கும் நாள். ஒரு பாட்டிக்காக எல்லாத் தாள்களையும் சேர்த்து மனுக் கொடுத்தோம். அதிகாரி வந்தார், நல்ல பெண், பொறுமையாகப் பேசினார். பாட்டி ஒரு பட்டுச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "எனக்கு என்ன குறை? என் பிள்ளைகள் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள்" என்று சொல்லிவிட்டார். அனுப்பவில்லை. மூன்று ஆண்டுகளாக ஒரு காசும் வரவில்லை. அந்நியர் முன்னால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் தாள்களைச் சேர்ப்பதற்கு முன் நான் அவரோடு உட்கார்ந்து இதைப் பேசியிருக்க வேண்டும். இப்போது பேசுகிறோம். "பிள்ளைகளுக்கும் வாடகை, கடன் என்று கஷ்டம் இருக்கிறது, அதனால் அனுப்ப முடியவில்லை" என்று சொல்லலாமே என்றால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அது உண்மையும்கூட. அந்தப் பாட்டிக்கு இரண்டாம் முறை கிடைத்தது. சிவப்பு அடையாள அட்டையோடு இந்த மண்ணிலேயே கிழவராகிவிட்ட ஒரு தாத்தாவுக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. குடியுரிமை இல்லாதவருக்கு இந்த உதவி இல்லை. அவர் சாப்பாட்டைக் குழுவே பார்த்துக்கொள்கிறது.

அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி. இந்தத் தொகையைத் தேர்ந்தெடுத்தவர் மண்டோர் தாத்தா. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். தாத்தாவின் அப்பாவும் அதில் ஓர் உறுப்பினர். "பத்து வெள்ளியில் தோட்டமே வாங்கினோம், ஒரு கிழவனுக்குச் சோறு போட முடியாதா?" என்று கேட்டார். பிறகு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

வாளித் திட்டமும் அவருடையதுதான். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு அவர் எங்களை உள்ளேயே விடவில்லை. சாப்பாடு கொண்டுபோனால் கேட்டின் மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். முந்நூறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்த மனிதர், அடுத்தவர் தன்னைப் பார்த்துக்கொள்வதை எப்படித் தாங்குவார்? ஒருநாள் ஆயாதான் சொன்னார், "மண்டோரிடம் வேலை கேட்டுப் பார்" என்று. நான் போய், இரண்டு வரிசையிலும் தனியாக இருக்கும் பதினொரு பேரும் காலையில் எழுந்துவிட்டார்களா என்று யாராவது தினமும் பார்க்க வேண்டும், எங்களுக்கு ஆள் இல்லை என்றேன். யோசித்தார். மறுநாள் ஒரு நீளமான கணக்குப் புத்தகத்தில் கட்டம் போட்டுப் பதினொரு பெயரையும் எழுதி வைத்திருந்தார்.

ஆளுக்கொரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி. இரவு படுக்கப் போகும் முன் கேட்டில் மாட்ட வேண்டும், காலையில் எழுந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். கவிழ்த்து மாட்டுங்கள் என்று தாத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வந்துவிடும். ஏழு மணிக்கு அவர் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்குவார். வாளி உள்ளே போயிருந்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு. இன்னும் தொங்கினால் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் எனக்குத் தொலைபேசி. அவருக்கு உடம்பு முடியாத நாளில் பின் வரிசையில் இருக்கும் கல்லூரி மாணவன் சுற்றுகிறான். சாவிகள் ஒவ்வொன்றும் அவரவர் நம்பும் ஒரு வீட்டில் இருக்கின்றன, ஒரே இடத்தில் இல்லை. இந்தப் பெரட்டு தொடங்கிய பிறகு இரண்டு முறை உள்ளே போக வேண்டியிருந்தது. ஒன்று காய்ச்சல், இன்னொன்று கட்டிலிலிருந்து விழுந்தது. விழுந்தவரை உடனே கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். இடுப்பு வலிக்கிறதா, தலையில் அடியா, காலை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் போர்வை கொடுத்து அப்படியே வைத்துவிட்டு 999.

இத்தனையும் எழுதிவிட்டு நான் களைத்துப்போனதை மறைக்கக் கூடாது. 2022-ல் ஒரு கட்டத்தில் தினமும் ஐந்து வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டில் சமையல் நின்றது, கணவர் பேசுவதைக் குறைத்தார், மகளின் பரீட்சை எப்போது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஆயாவிடமே எரிந்து விழுந்தேன். அதன் பிறகு செவ்வாய், வெள்ளி காலை இரண்டு மணி நேரம் என்று சுருக்கிக்கொண்டேன். சுருக்கியபோது யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவதுதான் அவர்களை உடைக்கிறது. புண் கட்டுவது, படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவது போன்றவற்றை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. அதற்குக் கிளினிக்கையும், சமூக நல இலாகாவின் வீட்டு உதவிச் சேவையையும் கேட்கிறோம். யாராவது அடிக்கப்படுவதாகவோ பட்டினி போடப்படுவதாகவோ தெரிந்தால் 15999 என்ற எண்ணில் சொல்லலாம்.

ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போவது தனிக் கலை. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் நாளே போய்விடும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமென்றால், எடுத்த உடனே சாப்பிட இட்லியோ ரொட்டியோ கையில் இருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில் குளிர் அதிகம். ஒரு துண்டு போதாது, கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண் பரிசோதனையில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், கையை விடாதீர்கள். மருத்துவர் உங்களைப் பார்த்துப் பேசினாலும் பதிலை அவரே சொல்லட்டும். தடுமாறினால் மட்டும் நீங்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழேகாலுக்குத் தாத்தாவின் அழைப்பு வந்தது. ஆயாவின் வாளி தொங்குகிறது, கூப்பிட்டும் பதிலில்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். சாவி இருக்கும் வீட்டைத் தட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனால், ஆயா பின்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் வானொலியில் மின்னல் எஃப்எம் மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கிறது.

"வாளியை ஏன் எடுக்கவில்லை ஆயா?"

"வருகிறீர்களா என்று பார்த்தேன்."

தாத்தா கேட்டருகே நின்று சத்தம் போட்டார். விளையாட்டா இது, எண்பத்திரண்டு வயதில் இப்படியா, நாளைக்கு உண்மையாகவே விழுந்தால் யார் நம்புவார் என்று. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு மட்டும் கோபம் வரவில்லை. ஆயா பலகையைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

எழுந்து வந்து வாளியைக் கழற்றினார். ஆய்ந்த கீரையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை எனக்கும் ஒன்றைக் கேட்டுக் கம்பி வழியாகத் தாத்தாவுக்கும் நீட்டினார். தாத்தா வாங்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கோடு போட்டார்.